ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறவள்

“வாங்க, சாப்பிடலாம்!”

தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சமையலறை ஜன்னல் வழியாக உனாய்சி கூப்பிட்டாள். வெளியே குப்பைப் பையோடு போய்க்கொண்டிருந்த பெண் நின்று, தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. நடையை எட்டிப் போட்டாள்.

நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“மதினி, இங்க அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாது” என்றேன்.

“எப்படியெல்லாம்?”

“சாப்பிட வாங்கன்னு. பயந்துக்குவாங்க.”

“என் சமையலுக்கா? நான் வந்தே ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள பேர் பரவிடுச்சா?”

“முன்ன பின்ன தெரியாதவங்களை இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க.”

“தெரிஞ்சவங்களை எதுக்குடீ கூப்பிடணும்? அவங்கதான் தானா வந்துருவாங்களே.” மரவள்ளிக்கிழங்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். “ஒருத்தர் கண்ணெதிர்ல நடந்து போறார். நான் தட்டும் கையுமா உட்கார்ந்திருக்கேன். கூப்பிடாம முழுங்கினா தொண்டையில எப்படி எறங்கும்?”

“கூப்பிட்டாலும் வர மாட்டாங்க.”

“வரக் கூடாது! அதுதானே மரியாதை. நான் வாங்கன்னு சொல்லுவேன், அவங்க சந்தோஷம், நீங்க சாப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. என் சோறு எனக்கு, அவங்க வேலை அவங்களுக்கு. நம்ம ஃபிஜியில, சுவாவுல பொறந்தவதானே நீ?”

“இங்க இருக்கறவங்களுக்கு அது தெரியாதே. நிஜமாவே ஒருத்தர் வந்து உட்கார்ந்துட்டா?”

உனாய்சி மெல்லுவதை நிறுத்தினாள். அடுப்பின் மேலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தாள். “வந்துட்டாவா?” என்றாள். அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு இதுவரை வந்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பேச்சு அத்தோடு முடிந்தது. நான் போய்த் திரையை இழுத்து மூடினேன். பச்சை நிறம், கனமான துணி, ஓரம் மடித்து நன்றாகத் தைத்தது. சிட்னியின் மேற்கே ஃபேர்ஃபீல்டில் இந்தத் தரைத்தள வீட்டுக்குக் குடிவந்த அன்று நான் முதலில் வாங்கிய பொருள் அதுதான். தபால் பெட்டிக்கும் குப்பைத் தொட்டிக்கும் போகிறவர்கள் எல்லோரும் அந்த ஜன்னலைக் கடந்துதான் போக வேண்டும். மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது திரை ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு, என் தலைமுடி வளையத்தால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

உனாய்சி என் தாய்மாமன் மகள். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். எங்கள் ஃபிஜி வழக்கப்படி மாமன் மகளும் அத்தை மகளும் ஒருவரையொருவர் கேலி செய்தே ஆக வேண்டும். செய்யாமல் இருந்தால், இரண்டு பேருக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று வீட்டில் கேட்பார்கள். எனக்குக் கேலி அவ்வளவாக வராது. என் பங்கையும் சேர்த்து அவளே செய்துவிடுவாள்.

இந்த உறவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் வாய்விட்டுக் கேட்ட பொருளை மற்றவர் இல்லை என்று சொல்லக் கூடாது. அதனால்தான் சிட்னியில் இருக்கும் எங்கள் ஆட்கள், உறவுக்காரர் வருகிறார் என்றால் நல்ல குடையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். என் கம்பளிச் சட்டைகள் இரண்டு இப்படித்தான் கேம்பெல்டவுனில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குக் குடிபோயின. உனாய்சி மட்டும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வந்த அன்று வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே, “உன்கிட்ட ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். அதனால நல்லாப் பார்த்து வச்சிருந்து கேட்கணும்” என்றாள். அவள் குளிக்கப் போனதும் நான் காபி இயந்திரத்தைத் தூக்கி அலமாரிக்குள் வைத்தேன்.

சுவாவில் அவள் டிசைனர். கட்டடங்களின் உள்பக்கத்தை வடிவமைக்கிறவள். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் “உட்கார்ற இடம் செய்யறவ” என்றுதான் சொல்வாள். மருத்துவமனை வரிசையில் காத்திருக்கும் பெஞ்சு, கப்பல் துறைக் கூடம், சந்தையில் கீரை விற்பவர்களின் மேடை என்று அவள் செய்த இடங்களில் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேராவது ஒரு தடவை உட்கார்ந்திருப்பார்கள். சிட்னியில் ஒரு கட்டடக்கலை அலுவலகம் அவளை அரை வருடத்துக்கு அழைத்திருந்தது. நகரத்தின் மேற்கே, தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கென்று ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வரப்போகிறது. அதன் வீடுகளுக்கு உள்பக்கம் வரைந்து தருவது அவள் வேலை. தங்குவதற்கு என் வீடு.

எந்த அறைக்குள் போனாலும் முதலில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பிறகுதான் பேச்சு. “நின்னு பார்த்தா சுவர்தான் தெரியும். உட்கார்ந்தாத்தான் வீடு தெரியும்” என்பாள். அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள், எங்கள் ஊர் உடுதுணியான சுலுவைக் கணுக்கால் வரை கட்டி, அதற்கு மேல் இரண்டு கம்பளிச் சட்டைகள் போட்டுக்கொண்டு, வரவேற்பறை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கூரையைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்த பெண் மயக்கமா என்று பதறி ஒரு குவளைத் தண்ணீரோடு ஓடி வந்தாள். உனாய்சி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, இவ்வளவு மரியாதை தெரிந்த அலுவலகம் என்று அன்று மாலை முழுக்கப் புகழ்ந்துகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லவில்லை.

ரயிலில் அவளோடு போவது எனக்குப் பெரிய சோதனை. உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போது முதுகை நன்றாக வளைத்து, “துலோ, துலோ” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவாள். உங்களைக் கடக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். நானும் அங்கே போனால் என்னை அறியாமல் குனிந்துவிடுவேன். ஒருநாள் பாரமட்டா ரயிலில் அவள் அப்படிக் குனிந்து போனதைப் பார்த்த ஒரு பெரியவர், அவள் எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்து, தானும் குனிந்து இருக்கைக்கு அடியில் தேட ஆரம்பித்தார். எதிரில் இருந்த பையன்களும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். “என்ன தொலைச்சீங்க? மோதிரமா?” என்று அவர் கேட்டார். உனாய்சியும் மரியாதைக்காக அவரோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினாள். இறங்கிய பிறகு, “நல்ல மனுஷன். பாவம், என்ன தொலைச்சார்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை” என்றாள்.

தலைமுடியைப் பற்றி அவளுக்குக் கர்வம் உண்டு. ஊரில் பழைய படங்களில் இருப்பதுபோல உருண்டையாக, அகலமாக வளர்த்து, காலையில் நெடுநேரம் நின்று சீவுவாள். அந்த நேரத்தில் குளியலறையை யாரும் கேட்கக் கூடாது. தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் பேசுவதைப் பாதிதான் கேட்பாள். அவள் கணவர் சைருசி சுவாவிலிருந்து கூப்பிட்டால், அவர் கேட்ட கேள்விக்கு அடுத்த கேள்வியின் பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நகரத்தைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் பாத்திரம் துலக்கும்போது சொன்னவை. “இந்த ஊர்ல கதவு ரொம்ப நல்லாச் செஞ்சிருக்காங்க தோரி. கீல்ல ஒரு சத்தமில்லை. யார் வந்தா, யார் போனான்னு சொல்லாத கதவு.” இன்னொரு நாள், “இங்க மழை பெய்யுதா இல்லையான்னு வெளிய போனாத்தான் தெரியுது. கூரை யார் வீட்லயோ இருக்கு.” பூங்காக்களில் பெஞ்சின் நடுவே இரும்புக் கை வைத்திருப்பதை அவளால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. படுக்கக் கூடாது என்பதற்காக என்று நான் விளக்கியதும், “அப்ப தூக்கம் வந்தவன் எங்க போவான்?” என்று கேட்டாள். கேலி இல்லை, வேலை சம்பந்தமான கேள்வி. சனிக்கிழமைகளில் ரயில் ஏறி, கடைசி நிலையம் வரை போய், அங்குள்ள பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். “இன்னிக்குப் போனது நல்ல பெஞ்சு. பக்கத்துல உட்கார்ந்த பாட்டி தன் முழங்கால் கதையை முழுக்கச் சொன்னா” என்பாள். பெஞ்சுக்கு அவள் வைத்திருந்த மதிப்பெண் முறை அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் நினைத்துப் பார்த்திராத அந்தக் காரியம் நடந்தது.

தேவாலயத்திலிருந்து திரும்பி வந்திருந்தோம். அன்று சமையல் என்னுடையது. இரண்டு மீன், தேங்காய்ப்பாலில் சேம்பிலை, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்த கிழங்கு. உனாய்சி ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் மாடியில் இருக்கும் கோலின் குப்பைப் பையோடு வந்தார். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை, ஐம்பதைத் தாண்டியவர், தனியாள். இத்தனை வருடமாக எனக்கு அவரைக் காலடிச் சத்தமாகத்தான் தெரியும்.

“வாங்க, சாப்பிடலாம்!”

அவர் நின்றார். “இப்பவா?”

“இப்பதான்!” உனாய்சி சிரித்துக்கொண்டே, அவர் நன்றி சொல்லிவிட்டு நகர்வதற்காகக் காத்திருந்தாள்.

“சரி” என்றார். “இதைப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு வந்துடறேன்.”

உனாய்சி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “தோரி. வர்றாராம்.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே.”

“சொன்னதை அப்புறம் சொல்லிக்காட்டு. சட்டியில என்ன இருக்கு?”

“ரெண்டு மீன்.”

“மூணா ஆக்கு.”

“எப்படி மதினி ஆக்கறது?”

“அதுவும் சரிதான்.” அவள் தன் தட்டில் இருந்ததைச் சட்டிக்கே திருப்பினாள். “எனக்கு வயித்துவலி. உனக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணும் இல்லையே.”

“உனக்கு விரதம்.”

“ஞாயித்துக்கிழமையிலயா?”

“நீதான் ஊமைக்கோட்டான் ஆச்சே, உன்னை யார் கேட்கப் போறாங்க? எலுமிச்சம்பழத்தை நறுக்கு.”

கோலின் வந்தார். பொத்தான் வைத்த சட்டைக்கு மாறியிருந்தார். ஒரு கையில் தன் வீட்டுத் தட்டும் முள்கரண்டியும். இன்னொரு கையில் மடக்கு நாற்காலி. உங்களிடம் எத்தனை நாற்காலி இருக்கிறது என்று தெரியவில்லை, அதனால் கொண்டுவந்தேன் என்றார். உட்கார்ந்தார். அவசரப்படாமல், ஒரு முள் விடாமல் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். இந்தக் கீரைக்கு என்ன பெயர் என்று கேட்டார். உனாய்சி சொன்னதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “மீன் ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் இருக்கா?” என்றார்.

உனாய்சி இரண்டாவது மீனையும் வைத்தாள்.

போகும்போது நாற்காலியை மடக்கினார். ஒரு கணம் யோசித்துவிட்டு, அதைச் சுவரில் சாய்த்து அங்கேயே விட்டுவிட்டுப் போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டதும் இரண்டு பேரும் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றோம். உனாய்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது.

“பேச்சு வந்த நாளா நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன் தோரி. ஒருத்தர்கூட வந்ததில்லை. இவர் வந்துட்டார். இப்ப சொல்லு. இவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரா? இல்லை, நாமதான் இத்தனை வருஷமா பொய்யாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தோமா?”

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த வாரமே ஃபேர்ஃபீல்டு கடைத்தெருவிலிருந்து ஒரு பெரிய சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். அதுவரை என் வீட்டில் இருந்ததெல்லாம் ஓராள் பாத்திரங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலின் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். உனாய்சி இரண்டு கையாலும் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள். கொடுத்ததைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்கு நாங்கள் அப்படித் தட்டுவோம். தன்னைக் கைதட்டிப் பாராட்டுகிறாள் என்று நினைத்த கோலின் காது வரை சிவந்துபோய், “என் மரம் இல்லைங்க. என் தங்கச்சி வீட்டு மரம்” என்றார்.

இதற்கிடையில் அலுவலகத்தில் வரைபடம் ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது. முதலில் அவர்கள் வரைந்து வைத்திருந்தபடி, எல்லோரும் நடக்கும் பொது நடைபாதைப் பக்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவும், குளியலறையின் சிறிய மங்கல் கண்ணாடியும் மட்டும்தான். சமையலறை உள்ளே, பகலிலும் விளக்குப் போட வேண்டிய இடத்தில். உனாய்சி அதைத் திருப்பிப்போட்டாள். குளியலறையை உள்ளே தள்ளி, சமையலறையை நடைபாதை ஓரத்துக்குக் கொண்டுவந்து, அகலமான ஜன்னல் ஒன்று வைத்தாள்.

“அந்தக் கட்டடத்துல இருக்கப்போறது நம்ம ஆளுங்கதான் தோரி. கதவைத் திறந்தா தெருவு, மூடினா சுவருன்னு இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வேணும். அதைச் செய்யாம நான் ஊருக்குப் போனா, எதுக்கு வந்தேன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? பெஞ்சு பார்க்கவா வந்தேன்?”

ஜன்னலோர இருக்கையும் அதற்கேற்ப ஜன்னலின் அடிக்கட்டையும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டில்தான் முடிவு செய்தாள். பால் கொண்டுவரும் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்து, அடுக்கி, குறைத்து, ஒவ்வொரு உயரத்திலும் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே நடந்து போகிறவள் நான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க, எங்கள் கட்டடத்தார் அத்தனை பேரும் பார்க்க, நான் குப்பைத் தொட்டிக்கும் தபால் பெட்டிக்கும் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தேன்.

“நில்லு! இப்ப என்னைப் பார்த்தா எப்படி இருக்கு?”

“டிக்கெட் குடுக்கறவங்க மாதிரி இருக்கு மதினி.”

“அப்ப இன்னும் கீழ போகணும். ... இப்ப?”

“கிணத்துக்குள்ள இருக்கற மாதிரி.”

“உனக்கு வாய் இருக்குடீ! இத்தனை நாள் எங்க வச்சிருந்த?” பெட்டியை மாற்றினாள். “இப்ப போ. நான் கூப்பிடுவேன், நீ பதில் சொல்லணும். வாங்க, சாப்பிடலாம்!”

“சந்தோஷம். நீங்க சாப்பிடுங்க.”

“யாருக்குச் சொல்ற, உன் சட்டைப் பொத்தானுக்கா? சத்தமா!”

நான் சத்தமாகச் சொன்னேன். மேலே ஒரு ஜன்னல் திறந்தது. அந்த உயரம்தான் சரி என்று உனாய்சி சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். உட்கார்ந்தவளின் கண்ணும் நடந்து போகிறவளின் கண்ணும் ஒன்றையொன்று மேலேயோ கீழேயோ பார்க்காத உயரம். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

அலுவலகத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் ஃபிலிப்பா. கண்டிப்பானவர், ஆனால் நேர்மையானவர் என்று உனாய்சி சொல்வாள். கடைசிக் கூட்டம் நடந்த மாலை, சமையலறைத் தரையில் உட்கார்ந்து கிழங்கைச் சீவிக்கொண்டே, இரண்டு குரலிலும் பேசி நடந்ததைச் சொன்னாள்.

“‘ஜன்னல் வச்சுத் தர்றோம். குடிவர்றவங்க முதல் நாளே திரை போட்டுட்டா என்ன பண்றது?’ன்னு கேட்டாங்க. ‘எங்க ஆளுங்க போட மாட்டாங்க’ன்னேன். ‘இப்ப நீங்க யார் வீட்ல இருக்கீங்க?’ ‘என் அத்தை மகள் வீட்ல.’ ‘அங்க சமையல்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம்?’ ‘எல்லாரும் நடக்கற பக்கம்.’ ‘அதுக்குத் திரை இருக்கா?’”

கத்தி நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? இருக்குன்னேன். பச்சை, கனமான துணி, நல்ல தையல்னு எல்லாத்தையும் சொன்னேன்.”

“இல்லைன்னு சொல்லியிருக்கலாமே மதினி.”

“சொல்லியிருக்கலாம். அப்புறம் அவங்க ஒருநாள் சாப்பிட வந்து நின்னா? இந்த ஊர்லதான் கூப்பிட்டா வந்துடறாங்களே.” அவள் மறுபடி சீவத் தொடங்கினாள். “‘ஆனா ஒருத்தர் வந்தார்’னு சொன்னேன். ‘ஒருத்தரா?’ன்னாங்க. ‘ஒருத்தர்தான். தட்டு, நாற்காலி எல்லாம் எடுத்துக்கிட்டு வந்தார். நாற்காலி இன்னும் எங்க வீட்லதான் இருக்கு’ன்னேன். யாரும் சிரிக்கலை. ஃபிலிப்பா கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க.”

கடைசியில் தரைத்தள வீடுகளுக்கு மட்டும் ஜன்னல் என்று முடிவானது. மேலே உள்ள மாடிகள் எல்லாம் பழைய வரைபடப்படியே. மக்கள் குடிவந்து ஒரு வருடம் கழித்து அலுவலகத்தார் போய்ப் பார்ப்பார்கள். ஜன்னல்கள் திறந்திருந்தால், அடுத்து வரும் கட்டடத்தில் எல்லா மாடிக்கும் வைப்பார்கள். திரை தொங்கினால் யாருக்கும் இல்லை.

“நியாயம்தான்” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்று அவள் யாரையும் கூப்பிடவில்லை. தபால் எடுத்துக்கொண்டு ஒருவர் போனார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போனார். உனாய்சி கிழங்கை உதிர்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை. பிறகு, முதல் வாரம் நடையை எட்டிப் போட்டாளே, அந்தப் பெண் குப்பைப் பையோடு வந்தாள். ஜன்னலை நெருங்கியதும் அவள் நடை தளர்ந்தது. ஓர் அடி தாண்டியவள் நின்று, திரும்பி, உள்ளே பார்த்தாள். வர வேண்டிய ஏதோ ஒன்று வராததுபோல.

உனாய்சி நிமிர்ந்தாள். “வாங்க, சாப்பிடலாம்!”

“இல்லைங்க, நீங்க சாப்பிடுங்க” என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டுத் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தாள்.

உனாய்சி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “கேட்டியா? கேட்டியாடீ? எவ்வளவு சரியாச் சொல்லிட்டுப் போறா பாரு! உனக்கு ஒரு மத்தியானம் பூராச் சொல்லிக்குடுத்தேன்.” அதன் பிறகு அவள் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையத்துக்குக் கோலின் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, காலையிலிருந்தே வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. பெரிய சட்டியை அவள் எடுத்துக்கொள்ளவில்லை; அதைக் கழுவி, சின்னப் பாத்திரங்களையெல்லாம் அதற்குள் போட்டு, அடுப்பின் மேல் வைத்திருந்தாள். மடக்கு நாற்காலி சுவரில் சாய்ந்தபடி இருந்தது. நான் காபி இயந்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, அவள் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருந்தேன்.

சுலுவும் இரண்டு கம்பளிச் சட்டைகளுமாக அவள் சமையலறைக்குள் வந்தாள். காபி இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்தாள். “இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?” என்றாள்.

“அலமாரியில.”

“அங்கேயே இருக்கட்டும்.” வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். “தோரி, உன்கிட்ட ஒரு தடவைதான் கேட்பேன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு மதினி.”

புருவத்தைத் தூக்கி ஜன்னலைக் காட்டினாள்.

“அந்தப் பச்சைத் திரை. எனக்குக் குடு.”

நான் வாய் திறக்கும் முன்பே அவள் தலையைத் தாழ்த்தி, உள்ளங்கைகளைக் குவித்து, வாங்கிக்கொண்டவர்கள் தட்டுவதுபோல மெல்லத் தட்டினாள்.